தங்கராசு கலந்த மோர்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வடக்கே ஒரு முந்திரிக்கொல்லையில் மண்ணுக்குள் புதைந்துபோன எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. தங்கராசுவின் மனைவி மல்லிகாவின் எண். அந்த எண்ணைப் பார்த்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுப்பேன். மூன்று வருடமாக அப்படித்தான். எடுத்தேன்.

"அவரு போயிட்டாருங்க" என்றார். குரலில் அழுகை இல்லை. "காலையில டயாலிசிஸ் மிஷின்ல படுத்திருக்கும்போதே போயிட்டாரு. திருச்சியிலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கோம். நீங்க நேரா வூட்டுக்கு வந்துடுங்க."

அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் அலுவலக உதவியாளர் பிச்சைமுத்து என் முகத்தைப் பார்த்தார். சங்கிலியை மடித்துச் சாக்குப்பைக்குள் போட்டார். இருவரும் ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. "முந்தாநேத்துகூட என்கிட்ட சிரிச்சுப் பேசுனாரு சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

தங்கராசுவோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். தங்கராசு நில அளவையர். திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த வருடம் நானும் அவரும் ஒரே வாரத்தில் இந்த அலுவலகத்துக்கு வந்தோம். ஒரே பதவி, ஏறக்குறைய ஒரே வயது. வேப்பந்தட்டையிலிருந்து திருமழபாடி ஆற்றங்கரை வரை இருவரும் சேர்ந்து அளந்த நிலம் கொஞ்சமல்ல. அலுவலகத்தில் இரண்டு தங்கராசு இருந்ததால் அவரை எல்லோரும் 'மோர் தங்கராசு' என்றோம். தினமும் வீட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் மோர் கலந்து எடுத்துவருவார். நம்மில் அதைக் குடிக்காதவர் யாரும் இருக்க முடியாது.

ஆனால் அந்த மோர் எப்படித் தொடங்கியது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாததற்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை. நான் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்.

நாங்கள் வேலைக்கு வந்த இரண்டாவது கோடை. கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம். பெயரை எழுதவில்லை, அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கிடையே வரப்புத் தகராறு. தகராறு பெரிது என்பதால் அளக்க எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார்கள்; சங்கிலி பிடிக்கப் பிச்சைமுத்துவும் வந்தார். காலை எட்டு மணிக்குத் தொடங்கி உச்சி வரை அளந்தோம். அண்ணன்காரர் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நாற்காலி போட்டார். தங்கராசுவிடம், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். தங்கராசு ஊரைச் சொன்னார். "அங்க எந்தத் தெருங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். தங்கராசுவுக்கும் தெரியும். அவர் தயங்காமல், "காலனித் தெருங்க" என்றார்.

அண்ணன்காரர் உள்ளே போய்விட்டு வந்தார். சற்று நேரத்தில் அந்த வீட்டு அம்மா ஒரு தட்டில் மோர் கொண்டுவந்தார். எனக்கும் பிச்சைமுத்துவுக்கும் எவர்சில்வர் டம்ளர். தங்கராசுவுக்கு, டீக்கடைகளில் குடித்துவிட்டுத் தூக்கிப்போடுவார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கப். அவர் அதை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். குடித்தார். "குடிச்சுட்டு அத அப்படி ஓரமாப் போட்டுடுங்க" என்றார் அண்ணன்காரர், மரியாதையான குரலில்.

எனக்கு நாக்கு வறண்டு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தேன். அதோடு நிற்கவில்லை. "இன்னொரு டம்ளர் கிடைக்குமாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா மலர்ந்த முகத்தோடு ஊற்றினார். அதையும் குடித்தேன். பிச்சைமுத்து தன் டம்ளரில் பாதியை அப்படியே வைத்துவிட்டார் என்பதை எழுந்து கிளம்பும்போதுதான் பார்த்தேன்.

மத்தியானம் மீதியை அளந்தோம். அளவு அண்ணன்காரருக்குச் சாதகமாக வந்தது. தங்கராசு அதை அப்படியே எழுதினார். எழுத்தில் ஒரு சுழி மாறவில்லை. "அளக்கும்போது ஆளைப் பாக்கக் கூடாது சார், சங்கிலியைத்தான் பாக்கணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை, செய்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "நல்ல மோருதான் சார். ஆனா தாகம் அடங்கல" என்றார். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் தூக்குவாளியோடு வந்தார்.

அன்றிலிருந்து எந்த ஊரில் யார் வீட்டிலும் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கொடுத்தால், "இருக்குங்க, கொண்டாந்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். உச்சிவெயில் ஏறியதும் ஏதாவது ஒரு மரத்தடியில் வாளியைத் திறப்பார். ஆறு டம்ளர் வைத்திருந்தார். அளக்க வந்த நாங்கள், நிலத்துக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எல்லோருக்கும் அதில்தான் ஊற்றுவார். சிலர் வாங்கிக் குடிப்பார்கள். சிலர், "இப்பதாங்க வூட்டுல குடிச்சுட்டு வந்தேன்" என்பார்கள். சிலர் எந்தத் தெரு என்பதை முன்பே விசாரித்து வைத்திருப்பார்கள். அவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். குடித்தவரிடமும் குடிக்காதவரிடமும், "இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்று ஒரே குரலில்தான் சொல்வார்.

செந்துறைப் பக்கம் ஒருமுறை, சின்னதாக ஒரு முந்திரிக்கொல்லை வைத்திருந்த ஒரு கிழவி மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "உம்பொண்டாட்டி கை நல்ல கை சாமி" என்றாள். "என் பொண்டாட்டிக்கு இது வராதும்மா. என் கைதான்" என்றார் தங்கராசு. கிழவி அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்த மோர் எப்படித் தயாராகிறது என்பதை நான் பார்த்தது வாளி வரத் தொடங்கி இரண்டு வருடம் கழித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாக, அவர் வரைந்து வைத்திருந்த ஒரு நிலத்தின் புலப்படம் தேவைப்பட்டது. நான் குடியிருக்கும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு அறை வீடு. மல்லிகா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள அடுப்படியில இருக்காரு. மோர் கலக்குற நேரத்துல என்னைக்கூட உள்ள வுட மாட்டாரு. நீங்க போங்க" என்று சிரித்தார்.

தங்கராசு கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து தயிர் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார். நான் வேண்டாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதல் நாள் சாயங்காலம் உறை ஊற்றிய தயிர். வெண்ணெய் திரண்டதும் அதை வழித்து வேறு கிண்ணத்தில் போட்டார். "வெண்ணெ நின்னா ருசியா இருக்கும் சார், ஆனா திரும்பத் தாகம் எடுக்கும்" என்றார். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர்; கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். ஊர் ஊராக நூறு பேர் குடிக்கிற பானத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்ற அவருக்கு மனம் வராது.

பிறகு ஒரு சின்ன இடிகல்லில் தோல் சீவிய இஞ்சி, விதை எடுத்த பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கல்லுப்பு எல்லாவற்றையும் போட்டு நசுக்கினார். "மிக்சியில போட்டா ஒரு நிமிஷத்துல ஆயிடுமே?" என்றேன். "அரைச்சா கசக்கும் சார். நசுக்குனாதான் மணக்கும்" என்றார். நசுக்கியதை ஒரு டம்ளர் மோரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பானை மோரோடு சேர்த்தார். கட்டிப் பெருங்காயம் ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி. கொத்தமல்லித் தழையைக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளிப் போட்டார். கடைசியாக நாலு நாரத்தை இலையை எடுத்து, நடு நரம்பைக் கிழித்துவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மேலே போட்டு மூடினார். தாளிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெயில்ல குடிக்கும்போது எண்ணெ நாக்குல ஒட்டும் சார். வூட்டுல சோத்துக்குன்னா தாளிச்சுக்கலாம்" என்றார்.

கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து எனக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். அதற்குள் மல்லிகாவும் வந்து நிலைப்படியில் நின்றார். நான் அந்த மோரை வயல்வெளியில் நூறு முறை குடித்திருக்கிறேன். ஆனால் ஒரு காலனித் தெருவில், அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து குடிப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. டம்ளர் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்து, என் வாய்க்குப் போகும் வரை அவர்கள் இருவரும் என்னையே பார்த்தார்கள். என் கை ஒரு கணம் தயங்கியதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

குடித்து முடித்ததும், "எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டார். அதுவரை நான்கு வருடம் அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். நான் அவரைத் 'தங்கராசு' என்றேன். ஒரே வயது, ஒரே வேலை. அதில் இருந்த கோணலை நான் கவனித்ததே அவர் 'ய்யா' என்று சொன்ன அந்த நொடியில்தான்.

நோய் வந்தது கால் வீக்கமாக. "நடக்குற காலு, வீங்கத்தான் செய்யும்" என்று ஆறு மாதம் அலட்சியமாக இருந்தார். ஒருநாள் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள். ரத்தக்கொதிப்பு பல வருடமாகவே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். மல்லிகா தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். பொருந்தவில்லை.

டாக்டர் கொடுத்த பட்டியலை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். உப்பு கூடாது. இளநீர் கூடாது. தயிர், மோர் கூடாது. தண்ணீரே ஒரு நாளைக்கு மொத்தம் முக்கால் லிட்டர். மாத்திரை விழுங்குவதும் ரசமும் காபியும் அதற்குள்ளேயே அடக்கம். படித்து முடித்ததும் தங்கராசு வாய்விட்டுச் சிரித்தார். "நான் என்னென்ன வாளியில கொண்டாந்தேனோ எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதியிருக்காருய்யா!" என்றார். மல்லிகா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருக்கு அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மோர் நின்றுவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நிற்கவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கலந்து, வாளியைப் பிச்சைமுத்துவிடம் கொடுத்து அனுப்பினார். மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நீங்கள் குடித்த மோரை அவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உப்பைக் கையால் அளந்தார். புளிப்பை முகர்ந்து பார்த்தார். சாயங்காலம் நான் திரும்பி வந்ததும், "இன்னிக்கு எப்படிய்யா?" என்று கேட்பார். "நல்லாயிருந்துச்சு" என்றால் விடமாட்டார். "நல்லாயிருந்துச்சுன்னா? இஞ்சி முன்னாடி தெரிஞ்சுதா, பின்னாடி தெரிஞ்சுதா? குடிச்சு முடிச்சதும் தொண்டையில என்ன இருந்துச்சு?" நான் யோசித்து யோசித்துச் சொல்லுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உதடு வெடித்திருக்கும். கேட்டு முடித்ததும் எச்சில் விழுங்குவார். விழுங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கடினமானது.

இந்த வருடம் சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் டயாலிசிஸ். மல்லிகா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஓட்டு வீட்டுக்குள் அனல் அடித்தது. அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம். அதற்காகக் கலந்த மோரில் கொஞ்சம் பானையில் மிச்சம் இருந்தது. எனக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தேன். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக, "எனக்கு ஒரு டம்ளர் குடுய்யா" என்றார்.

"வேணாம் தங்கராசு."

"ஒண்ணே ஒண்ணு. நானே எந்திரிச்சு எடுத்துக்கலாம். ஆனா எனக்கு யாராச்சும் ஊத்திக் குடுக்கணும்போல இருக்குய்யா."

நான் ஊற்றிக் கொடுத்தேன். நல்ல எவர்சில்வர் டம்ளரில், விளிம்பு வரை. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். முதல் மடக்கை விழுங்காமல் வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். டம்ளர் காலியானதும் அதை மறுபடி என் பக்கம் நீட்டினார். ஊற்றினேன். மூன்றாவது முறையும் நீட்டினார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. கொள்ளிடக் கரையில் அந்த வீட்டு வாசலில் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கியது நான் அல்லவா? இவருக்கு எந்த வாயால் இல்லை என்பது?

மறுநாள் விடிகாலையில் மூச்சு முட்டி அவரைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு ஓடினார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நான் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். டாக்டர், என்ன குடித்தார் என்று மல்லிகாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தங்கராசு கையை உயர்த்தித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நானேதான் எடுத்துக் குடித்தேன் என்று அர்த்தம். நான் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது நாள், அவர் தேறிவிட்டார் என்று சொன்ன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மல்லிகாவிடம் சொன்னேன். "நான்தான் ஊத்திக் குடுத்தேங்க."

"தெரியும்ங்க" என்றார். "நான் கடைக்குப் போயிட்டு வந்தப்ப ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்திருந்துச்சு. அவரு தனியாக் குடிச்சிருந்தா ஒண்ணுதானே இருக்கும்?" பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்டயும் தெனம் கேக்குறாருங்க. கொழந்த மாதிரி கேக்குறாரு. நான் மாட்டேன்னு சொல்றேன். அவரு மூஞ்சியைத் திருப்பிக்குறாரு. ரெண்டு நாள் பேச மாட்டாரு. நீங்க ஒருநாள் வந்து நல்லவராயிட்டுப் போயிட்டீங்க. தெனம் கெட்டவளா இருக்குறது எனக்கு மட்டும் சுலபமா?"

மல்லிகா மருந்துச் சீட்டோடு கடைக்கு இறங்கிப் போனார்.

வார்டுக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான், பத்து வருடம் கழித்து, அந்தக் கரையோர ஊரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அன்னிக்கு அந்த வூட்டுல உனக்கு அந்தக் கப்பைக் குடுத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லாம இன்னொரு டம்ளர் கேட்டுக் குடிச்சேன். உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்னய்யா" என்றார். குரல் கரகரத்தது. "உனக்குத் தாகம். கேட்ட. அதுல தப்பு ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா என்னைப் பாக்காம கேட்டய்யா. அதான்."

என் கையைத் தட்டினார். "சரி, வுடு. வெண்ணெ எடுக்காமக் கலந்துட்டேன்போல இருக்கு அன்னிக்கு. மூணு டம்ளர் குடிச்சும் அடங்கலையே" என்று சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

அதன் பிறகு ஆறு மாதம் இருந்தார். மோர் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை, என்னிடமும் சரி, மல்லிகாவிடமும் சரி. கேட்காமல் இருந்ததுதான் தன்னை அதிகம் பயமுறுத்தியது என்று மல்லிகா பிறகு சொன்னார்.

பிச்சைமுத்துவும் நானும் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. செந்துறை, தா.பழூர், குன்னம் என்று அவர் அளந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வரப்புச் சண்டையில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் போன இரண்டு பங்காளிகள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதை நானே பார்த்தேன். கரையோர ஊரிலிருந்து யாரும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவரைக் கிடத்தியிருந்தார்கள். கால் வீக்கம் வடிந்து, வேலைக்கு வந்த புதிதில் இருந்த மாதிரி மெலிந்திருந்தார். வாயில் பால் ஊற்றும்போது மல்லிகா சங்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். மூன்று வருடமாகச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்த கை. ஒரு பெண் அவர் தோளைத் தொட்டு, "ஊத்துங்க அக்கா" என்றாள். அப்போதுதான், காலையிலிருந்து முதல் முறையாக, மல்லிகா வாய்விட்டு அழுதார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். மோர் கலக்கத் தெரியும். அவர் செய்தபடியே செய்கிறேன். என் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதைச் சொல்லி முடித்துவிடலாம். அது பொய்யாக இருக்காது, ஆனால் முழு உண்மையும் ஆகாது.

முழு உண்மை இது. கிழக்கே அளக்கப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் தங்கராசு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். என் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. "போயிட்டு வரேன் தங்கராசு" என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிடுவேன். என் அம்மா அப்போது இருந்தார்கள். அம்மா ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தேன். அம்மா போய் நான்கு வருடமாகிறது. அதன் பிறகும் நான் அவரைக் கூப்பிடவில்லை. அப்போது எந்தக் காரணமும் இல்லை, பழக்கம்தான் இருந்தது. இந்த மாவட்டத்தில் அவர் கால் படாத வரப்பு கிடையாது. என் வீட்டு வாசல் மட்டும் அவருக்குத் தெரியாது. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

'வீட்டுக்கு வா' என்று நான் சொல்லாத அந்த வார்த்தைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. அதைத் திருப்பிக் கொடுக்க இனி அவர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் நானும் என் மனைவியும் பெரம்பலூருக்குப் போனோம். மல்லிகாவிடம், "ஒருநாள் நம்ம வூட்டுக்கு வாங்க. வந்து சாப்புட்டுப் போங்க" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"வரேங்க" என்றார். "இப்ப வேணாம். நீங்க இன்னொரு தடவ வந்து கூப்புடுங்க."

வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.